ஈரப்பதன் எண்டு மூடைக்கு 5 கிலோ கழிக்கினம்: மீற்றர் சொல்லுறது சரியோ எண்டு பாக்கிறது எப்பிடி?

புளியம்பொக்கணைக் கமம்:

வணக்கம். எங்கட பக்கம் காலபோக (மாரிப்போக) நெல் வெட்டு தொடங்கியிட்டுது. வெட்டு மெசின் நெல்லைக் கொட்டின கையோட லொறி வரம்படியில வந்து நிக்குது. வாறவை மேல்மூடையில ஒரு பிடி நெல்லை எடுத்து ஈரம் அளக்கிற மீற்றருக்குள்ள போட்டு 19 வீதம் எண்டு காட்டினம். அதுக்குப் பிறகு 60 கிலோ மூடைக்கு ஈரத்துக்கு 5 கிலோ கழிவு, சாக்குக்கு ஒரு கிலோ கழிவு, விலையும் கிலோவுக்கு 100 ரூபாதான் எண்டு சொல்லுகினம். "14 வீதத்துக்குக் காயவைச்சுத் தாங்கோ, கூட்டித் தாறம்" எண்டும் ஒரு கதை. மெசின் கூலி, உரக்கடைக் கணக்கு எல்லாம் அந்த நேரத்திலதான் கழுத்தைப் பிடிக்கும் எண்டு அவைக்கும் தெரியும்.

கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில இதை எடுக்கப்போறம். அதுக்கு முன்னம் விபரம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ: 19 எண்டா உண்மையில எவ்வளவு கழிக்க நியாயம் இருக்கு? அந்த மீற்றரை நம்பலாமோ? அமைப்பால சொந்தமா ஒண்டு வாங்கிறது பிரயோசனமோ?

---

கனகராயன்:

முதல்ல கணக்கு, ஏனெண்டா கூட்டத்தில கதைக்கேக்க கையில இலக்கம் இருக்கவேணும்.

ஈரப்பதன் 19 வீதம் எண்டா 100 கிலோ நெல்லில 19 கிலோ தண்ணி, 81 கிலோ காய்ஞ்ச பொருள். அந்த 81 கிலோ மாறாது. 14 வீதத்துக்குக் காயவைச்சா அதே 81 கிலோ மொத்த நிறையில 86 வீதமா வரும். ஆகவே ஈரநிறையை (100 − ஈரப்பதன்) ஆல் பெருக்கி 86 ஆல் பிரியுங்கோ. வாறதுதான் 14இல் நிக்கிற நிறை.

60 கிலோ மூடை, 19 வீதம்: 60 × 81 ÷ 86 = 56.5 கிலோ. நியாயமான கழிவு 3.5 கிலோ. அவை எடுக்கிறது 5. மூடைக்கு ஒண்டரைக் கிலோ கூட.

100 கிலோவுக்கு மனப்பாடமா வைச்சிருக்க: 16 எண்டா 2.3 கிலோ, 18 எண்டா 4.7, 20 எண்டா 7, 22 எண்டா 9.3, 24 எண்டா 11.6. ஒவ்வொரு வீதத்துக்கும் 1.16 கிலோ எண்டு பிடிச்சாக் காணும்.

ஆனா உங்கட பதிவில எனக்குப் பெரிசாப் படுறது அந்த ஒண்டரைக் கிலோ இல்லை. ஈரத்துக்கு நிறையையும் கழிச்சு விலையையும் குறைக்கினம் பாருங்கோ, அதுதான். ஒண்டு, ஈரநெல்லுக்கு ஈரவிலை சொல்லி முழுநிறைக்கும் காசு தரவேணும். இல்லாட்டி நிறையைக் கழிச்சு, காய்ஞ்ச நெல்லின்ர விலையைத் தரவேணும், அதில காயவைக்கிற கூலியைக் கழிக்கலாம். ரெண்டையும் ஒரே மூடையில செய்யிறது ஒரே தண்ணிக்கு ரெண்டுதரம் காசு வாங்கிறது.

உங்கட மூடையையே எடுங்கோ. 60இல் 5உம் 1உம் போக 54 கிலோ, 100 ரூபாப்படி 5,400 ரூபா. உள்ள இருக்கிற 14 வீத நெல் 56.5 கிலோ. அப்ப காய்ஞ்ச கிலோவுக்கு உங்களுக்குக் கிடைக்கிறது 96 ரூபா மட்டில. 2025 பெப்ரவரி தொடக்கத்தில அரசாங்கம் அறிவிச்ச கிலோ விலை நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132. அந்த 120ஐ வைச்சுப் பாத்தாலே இந்த மூடை 6,780 ரூபா. வித்தியாசம் 1,380. காயவைக்கிற கூலி இதில ஒரு சின்னப் பங்குதான் வரும்.

---

மாங்குளம் வேக்சொப்:

மீற்றரைப் பற்றிச் சொல்லுறன். மீற்றர் பொய் சொல்லுறது குறைவு. அதைப் பிடிக்கிற விதத்திலதான் பிழை நடக்கிறது.

கையில கொண்டு திரியிற மீற்றர் நெல்லுக்குள்ளால மின் எப்பிடிப் போகுது எண்டதை அளந்துதான் ஈரத்தைக் கணக்கிடுது. ஒரு வகை நெல்லை நெரிச்சு அளக்கும், இன்னொரு வகை கோப்பைக்குள்ள கொட்டி அளக்கும். கம்பியை மூடைக்குள்ள குத்திற மலிவு வகையும் இருக்கு. அது நெல் எவ்வளவு இறுக்கமா இருக்கு எண்டதோடயே மாறும், வாங்கவேண்டாம். கோப்பை வகையில தானியத்தைத் தெரிவு செய்யிற பொத்தான் இருக்கும். நெல்லுக்கு ஒரு இலக்கம், அரிசிக்கு வேற, சோளத்துக்கு வேற. அரிசியில விட்டு நெல்லைப் போட்டா வாற இலக்கத்துக்கு அர்த்தமே இல்லை. லொறிக்காரர் அளக்கேக்க முதல்ல எட்டிப் பாக்கவேண்டியது திரையில எந்தத் தானியம் நிக்குது எண்டதை.

அடுத்தது சூடு. வெயில்ல கிடந்த நெல்லைச் சூட்டோட போட்டா, வெப்பத்தைச் சரிக்கட்டாத மீற்றர் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். அரை மணித்தியாலம் நிழல்ல ஆறவிட்டு அளக்கச் சொல்லுங்கோ. விடியப்புறம் பனி ஏறின நெல்லும் அப்பிடித்தான், தோல் நனைஞ்சிருந்தாக் கூட்டிக் காட்டும். இதுக்கு நேர்மாறா, அண்டைக்கே காயவைச்சு அள்ளின நெல்லில தோல் காய்ஞ்சும் உள் ஈரமாயும் இருக்கும். பின்னேரம் 14 காட்டினது அடுத்தநாள் காலமை 15க்கு மேல காட்டலாம். அது உள்ஈரம் வெளிய வாறது, ஏமாத்து இல்லை. அதால ஒரு இரவு மூடி வைச்சிட்டுப் பிறகு அளக்கிற இலக்கத்தைத்தான் நம்பவேணும்.

மேல்மூடையில ஒரு பிடி எண்டதை விடவே கூடாது. குத்தூசியால அடி, நடு, மேல் எண்டு ஒரு 5 மூடையில எடுத்து, ஒரு சட்டியில கலந்து, அதில மூண்டுதரம் அளந்து சராசரி எடுக்கவேணும். நல்ல மீற்றரே அரை வீதம் அங்கால இங்கால காட்டும். ஒரு வீதப் பிழை 60 கிலோ மூடைக்கு 700 கிராம். 40 மூடை எண்டா 28 கிலோ, அது அரை மூடை நெல்.

மீற்றர் இல்லாத வீட்டில ஒரு சோதனை: நல்லா வறுத்துக் காய்ஞ்ச உப்பை ஒரு மூடிபோட்ட போத்தல்ல ஒரு பிடி நெல்லோட போட்டுக் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கோ. உப்பு போத்தல்ல ஒட்டிக் கட்டிபட்டா 15க்கு மேல. உதிரியா நிண்டா அதுக்குக் கீழ. துல்லியமில்லை, ஆனா 19 எண்டு ஒருத்தர் சொல்லேக்க 14க்குக் கிட்டவோ இல்லையோ எண்டு அறியக் காணும்.

தராசு: டிஜிற்றல் தராசெண்டாலும் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின்ர முத்திரை அந்த வருசத்துக்கு இருக்கவேணும். வெறுந்தட்டில பூச்சியம் காட்டுதோ பாருங்கோ. அதே மூடையைத் தட்டின்ர நாலு மூலையிலும் மாறி மாறி வையுங்கோ, நாலிலும் ஒரே நிறை வரவேணும். வராட்டி ஒரு பக்க உணரி செத்துப்போச்சு, இல்லாட்டி தட்டுக்கடியில கல்லோ மண்ணோ சிக்கியிருக்கு. வரம்பில சரிஞ்ச இடத்தில வைச்சாலும் குறைச்சுக் காட்டும், அடியில பலகை போட்டு மட்டம் பாருங்கோ. வீட்டில ஒரு 20 லீற்றர் கானை வெறுமையா நிறுத்து, அளந்து தண்ணி நிரப்பிப் பிறகு நிறுத்தா 20 கிலோ கூடவேணும். இதைவிட லேசான படிக்கல் கிடையாது.

சாக்குக்கு ஒரு கிலோ எண்டது சணல் சாக்கு ஓடின காலத்துக் கணக்கு. இப்ப கட்டுற நைலோன் உரப்பை 100 கிராம் சுற்றித்தான் வரும். பத்து வெறும் பையை ஒண்டாத் தராசில போட்டுக் காட்டுங்கோ, அந்தக் கதை அதோட முடிஞ்சிடும்.

---

செட்டிகுளம் ஆலைப்பக்கம்:

நெல் ஆலைப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன இரட்டைக் கழிவு தவறு, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் 5 கிலோவில் ஈரம் மட்டும் இல்லை. சப்பி (பதர்), பச்சைமணி, வைக்கோல் துண்டு, களைவிதை எல்லாவற்றையும் "ஈரம்" என்ற ஒரே பெயரில் கழிப்பதுதான் பிரச்சினை. அவற்றைப் பிரித்துப் பேசுங்கள். ஒரு கிலோ நெல்லைச் சுளகில் புடைத்துச் சப்பியைத் தனியே நிறுத்தால் எத்தனை வீதம் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

சப்பி கூடுவதற்கு மெசினும் காரணம். காற்றாடி வேகத்தைக் குறைத்து ஓட்டினால் சப்பி மூடைக்குள் வரும், கூட்டினால் நல்ல நெல்லே வைக்கோலோடு பறக்கும். முதல் வரிசை வெட்டியதும் மெசினை நிறுத்தச் சொல்லி, பின்னால் விழுந்த வைக்கோலைக் கையால் உதறிப் பாருங்கள். ஏக்கர்க் கூலிக்கு ஓடுகிறவர் விரைவாக முடிக்கத்தான் பார்ப்பார், நிற்கச் சொல்லவேண்டியது காணிக்காரர்.

இன்னொன்று, கலப்பு. சிவப்பு நெல் வெட்டிய மெசின் துப்புரவு செய்யாமல் வெள்ளை நாட்டு நெல் வயலுக்குள் இறங்கினால் முதல் சில மூடைகளில் சிவப்பு கலந்துவிடும். அவித்துக் குற்றிய பிறகு வெள்ளை அரிசியில் சிவப்புமணி தெரிந்தால் முழு மூடையும் விலை விழும். மெசினைச் சில நிமிடம் வெறுமையாக ஓடவிட்டு, முதல் இரண்டு மூடைகளைப் புறம்பாக வையுங்கள். ஒரே இனம், ஒரே ஈரம், சப்பி குறைவு என்று 5,000 கிலோ சேர்ந்து வந்தால் எந்த ஆலையும் விலை கூட்டித்தான் எடுக்கும். நூறு வீட்டு நெல்லைக் கலந்து கொண்டுவரும் லொறிக்கு அந்த விலையைக் கொடுக்க முடியாது.

இலாபம் எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கு: ஒரு கிலோ அரிசிக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நெல் வேண்டும். 120 ரூபா நெல் என்றால் மூலப்பொருள் மட்டும் 180 ரூபா. 2024 டிசம்பரில் அறிவித்த நாட்டரிசிக் கட்டுப்பாட்டு விலை மொத்தமாக 225, சில்லறையாக 230. இடையில் உள்ளதில்தான் அவியல், மின்சாரம், கூலி, போக்குவரத்து, வட்டி. சின்ன ஆலைக்கு அது இறுக்கம். தவிடும் உமியும் கொஞ்சம் கைகொடுக்கும்.

---

கனகராயன்:

செட்டிகுளத்து அண்ணை சொன்ன கணக்கையே மற்றப் பக்கத்தால பாருங்கோ. அதே அரிசிக்கு, காய்ஞ்ச கிலோ 96 ரூபாப்படி எடுத்த நெல் எண்டா மூலப்பொருள் 144 ரூபா. 36 ரூபா வரம்பில இருந்து எழும்பி வேற இடத்துக்குப் போகுது. சின்ன ஆலைக்கு அது போகேல்லை எண்டதையும் ஒத்துக்கொள்ளுறன். வெட்டு நேரத்தில காசும் களஞ்சியமும் வைச்சிருந்து, மாசக்கணக்கில நெல்லைப் பூட்டி வைக்கக்கூடிய பெரிய கையளுக்குத்தான் அது போகுது. விலையை ஆர் சொல்லுறது எண்டா, ஆரால காத்திருக்க ஏலுமோ அவைதான்.

அரசாங்கம் இதுக்குத்தான் 1971இல் சட்டம் போட்டு, நெல்லை வாங்கிற நெற் சந்தைப்படுத்தல் சபையை உருவாக்கினது. சபை 14 வீதத்துக்குத்தான் முழுவிலை தரும். வன்னியில வெட்டு நடக்கேக்க விலை அறிவிப்பு வாறது, களஞ்சியம் திறக்கிறது எல்லாம் பிந்தினா, ஈரநெல்லும் கடனும் வைச்சிருக்கிற ஆளுக்கு அந்த 120 கண்ணால பாக்கிற விலை மட்டும்தான். அறிவிப்பு ஜனவரி தொடக்கத்திலயே வரவேணும் எண்டு ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் மாவட்ட விவசாயக் குழுக் கூட்டத்தில எழுத்தில குடுக்கவேணும். வாயால சொன்னாக் கூட்டக் குறிப்பில ஏறாது.

கடனைப் பற்றியும் ஒண்டு. உரக்கடையில கைக்காசு விலையையும் கடன்விலையையும் கேட்டு எழுதி வையுங்கோ. கைக்காசுக்கு 10,000, வெட்டுக்குப் பிறகு எண்டா 11,500 எண்டு வையுங்கோ. நாலு மாசத்துக்கு 15 வீதம், வருசத்துக்கு 45 வீத வட்டி. நகை அடகு இதைவிடக் குறைவா வரும். உரம் கடன் தந்த கடையே நெல்லையும் எடுக்கிற இடங்களில, வட்டி நெல்விலைக்குள்ள ஒளிஞ்சு வரும், புறம்பாத் தெரியாது.

முழு நெல்லையும் காயவைச்சுக் காத்திருங்கோ எண்டு ஆரும் சொன்னா அது நடக்கிற காரியமில்லை. மெசின் கூலிக்கும் கடைக்கும் எவ்வளவு வேணுமோ அந்தளவு மூடையை ஈரமாக் குடுங்கோ. மிச்சத்தைக் காயவையுங்கோ. பாதி நெல்லை விக்காமல் வைச்சிருந்தாலே அடுத்த லொறி கதைக்கிற விதம் மாறும்.

---

முத்தையன்கட்டு ஆறாம் வாய்க்கால்:

காயவைக்கிறதைப் பற்றி ஒருத்தரும் விபரமாச் சொல்லேல்லை. அதுதான் இடறிற இடம்.

வெட்டுற நேரத்திலயே அரைவாசி வேலை முடியும். கதிரில 100க்கு 80, 85 மணி வைக்கோல் நிறத்துக்கு வந்தாப் பிறகு வெட்டுங்கோ. அப்ப ஈரம் 20 தொடக்கம் 24க்குள்ள நிக்கும். காலமை 9, 10 மணிக்கு முன்னம் மெசினை இறக்கவேண்டாம், பனி காயட்டும்.

மெசின் நெல்லை 24 மணித்தியாலத்துக்குள்ள விரிக்கவேணும். குவியலா ஒரு நாளுக்கு மேல கிடந்தா உள்ள சூடேறும். கையை உள்ள விட்டாத் தெரியும். சூடேறின நெல் அரிசி மஞ்சளாகும், மணக்கும், விதைக்கும் உதவாது. மழை இருண்டு வந்து விரிக்க ஏலாட்டி மூடையைக் கட்டி அடுக்காமல், கொட்டிலுக்குள்ள கொட்டி ரெண்டு மணித்தியாலத்துக்கொருக்காப் புரட்டுங்கோ. காத்துப் பட்டாக் கொஞ்சம் தாங்கும்.

விரிக்கிற தடிப்பு 2 தொடக்கம் 4 சென்ரிமீற்றர். இதைவிட மெல்லிசா விரிச்சா மணி வெடிக்கும், தடிப்பா விரிச்சா அடி காயாது. அரை மணித்தியாலத்துக்கொருக்கா வாரியால புரட்டவேணும். உச்சி வெயிலில நெல்லு 50 பாகைக்கு மேல போகவிடக்கூடாது, விதைநெல் எண்டா 42. கையில அள்ளிப் பொறுக்கமாட்டாத சூடெண்டாக் குவிச்சு மூடி, ரெண்டு மணிக்குப் பிறகு திரும்ப விரியுங்கோ. ஒருக்காக் காய்ஞ்ச நெல் திரும்ப நனைஞ்சா உள்ள வெடிப்பு விழும். பச்சையரிசிக்குக் குத்தினா அது குறுணலாப் போயிடும். அவிச்சுக் குத்திற நெல்லில வெடிப்பு ஓரளவுக்கு ஒட்டியிடும், அதால புழுங்கலுக்குக் குடுக்கிற ஆக்களுக்கு இந்தப் பயம் குறைவு.

ஏ9 வீதியிலயோ குறுக்கு வீதியிலயோ தயவுசெய்து காயப்போடாதேங்கோ. தார் சூட்டில நெல்லு வெடிக்கும், கல் சேரும், கல்லைச் சொல்லி விலையைக் குறைப்பினம். அதைவிட மோட்டச்சைக்கிள்ல வாற பிள்ளையளுக்கு அது உயிராபத்து. பாடசாலை முற்றம், ஆலய வீதி, பொதுநோக்கு மண்டப முற்றம் எண்டு கேட்டா விடுவினம். அமைப்பிட்டக் காசு சேர்ந்தா மீற்றருக்கு முன்னம் ஒரு சீமெந்துக் களம் போடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

---

புளியம்பொக்கணைக் கமம்:

எல்லாருக்கும் நன்றி. கணக்கைத் தாள்ல எழுதி ஒட்டப்போறம். ரெண்டு கேள்வி மிச்சம்: லொறிக்காரர் எங்கட மீற்றரை ஒத்துக்கொள்ளாட்டி என்ன செய்யிறது? களம் இப்போதைக்கு இல்லை, படங்குதான் (தார்ப்பாய்). ஒரு ஏக்கர் நெல்லுக்கு எத்தனை படங்கு வேணும்?

---

மாங்குளம் வேக்சொப்:

ரெண்டு மீற்றரிலும் ஒரே சட்டி நெல்லைப் போட்டு அளவுங்கோ. அரை வீதத்துக்குள்ள வித்தியாசம் எண்டா நடுவை எடுத்து முடியுங்கோ. அதுக்கு மேல எண்டா அதே மாதிரியைக் காத்துப் புகாத பையில கட்டி, நெற் சந்தைப்படுத்தல் சபைக் களஞ்சியத்திலயோ கமநல சேவை நிலையத்திலயோ அளவிச்சுப் பாருங்கோ. பையைத் திறந்து வைச்சா ஈரம் மாறிப்போம். சொந்த மீற்றரையும் வெட்டுத் தொடங்க முன்னம் ஒருக்காக் களஞ்சிய மீற்றரோட ஒப்பிட்டு, எவ்வளவு கூடக் குறையக் காட்டுது எண்டு அதின்ர முதுகில எழுதி ஒட்டுங்கோ. பற்றரி இறங்கினாலும் இலக்கம் ஓடும், புதுப் பற்றரி போட்டுத் தொடங்குங்கோ. பழுதான தராசு, நிறையில ஏமாத்து எண்டா திணைக்களத்தின்ர மாவட்ட அலுவலகத்துக்கோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கோ எழுதலாம். லொறி இலக்கம், திகதி, நிறைச்சிட்டைப் படம் சேர்த்து அனுப்புங்கோ. சிட்டை தராத ஆளுக்கு நெல் ஏத்தவேண்டாம்.

---

முத்தையன்கட்டு ஆறாம் வாய்க்கால்:

படங்குக் கணக்கு: 3 சென்ரிமீற்றர் தடிப்பில ஒரு சதுர மீற்றருக்கு 17 கிலோ மட்டில விரியும். 24க்கு 18 அடிப் படங்கு 40 சதுர மீற்றர். ஓரத்தில சுத்திவர ஒரு அடி விட்டா 550 கிலோ பிடிக்கும். ஏக்கருக்கு 2,000 கிலோ ஈரநெல் எண்டு வைச்சா 4 படங்கு. மூடுறதுக்கு இன்னும் ஒண்டு ரெண்டு கூட வைச்சிருங்கோ, வெட்டு நேரத்தில ஒரு துமி மழை எப்பவும் இருக்கும். அடியில விரிக்கிறது ஓட்டை இல்லாததா இருக்கவேணும், நிலஈரம் அடியால ஏறும். நல்ல வெயிலெண்டா 22இல் இருந்து 14க்கு வர ரெண்டு நாள் பிடிக்கும், அதால ஒவ்வொரு ஏக்கர் வைச்சிருக்கிற ரெண்டு பேர் ஒரே படங்கை மாறி மாறிப் பாவிக்கிற மாதிரி வெட்டுத் திகதியை அமைப்பிலயே பிரிச்சு எழுதுங்கோ.